யாரும் அழைக்காத ஃபங்ஷன்

ஸ்டோர் ரூம் கதவு தினமும் சாயங்காலம் தானாகத் திறந்து, சற்று நின்று, மூடிக்கொண்டது. திறக்கச் சொல்வது யாரென்று பத்மப்ரியாவுக்குப் பிடிபடவில்லை.

அன்று ஹர்த்தால். ஹாஸ்டலில் தனியாகக் கிடப்பதற்கு வேலையாவது நடக்கட்டும் என்று, பஸ் ஓடாத சாலையில் மழையோடு நடந்து ஆபீஸுக்கு வந்திருந்தாள். வேறு யாரும் வரவில்லை.

கட்டடத்தின் கதவுகளை இயக்கும் பழைய மென்பொருளைச் சீரமைப்பது அவள் வேலை. பூட்டு, கார்டு, அலாரம் எல்லாம் கிளாஸ் என்ற ஒரே ராட்சத நிரல்தொகுப்பில் திணிக்கப்பட்டிருந்தன. ஓரிடத்தில் கைவைத்தால் இன்னோரிடம் உடைந்தது. அதைச் சின்னச் சின்ன கிளாஸ்களாகப் பிரித்துக்கொண்டே வந்தவள், ஸ்டோர் கதவைத் திறக்கும் ஃபங்ஷனில், அந்தச் சிறு கட்டளைத் துண்டில், நின்றாள். நிரலில் எங்கிருந்தும் அதை யாரும் அழைக்கவில்லை. வேண்டாததுதானே என்று அழித்தாள். சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின.

மழை ஓய்ந்து, ஈரக் கார்ப்பெட்டின் வாடை மெல்ல எழும்பி, காலி மேஜைகளின் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்துகொண்டிருந்த நேரத்தில், ஹாலின் கோடியில் ஸ்டோர் கதவின் கைப்பிடி அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

உள்ளேயிருந்து அல்ல. இந்தப் பக்கமிருந்து.

அங்கே யாரும் நிற்கவில்லை.

இந்த நிரலை முன்பு கவனித்துவந்த பிரதீஷ் இப்போது கொச்சியில். அவனை போனில் அழைத்தாள்.

"சேட்டா, ஸ்டோர் டோர் ஃபங்ஷன எடுத்துட்டேன். எங்கயும் கால் ஆகல, அதான்."



"நானும் ஒரு தடவ எடுத்ததாக்கும் பத்மா. திரும்பப் போடு. அது ஸ்டோருக்குள்ள போற வழியாக்கும் அது."

"எது போறதுக்கு?"

"முதல்ல போடு, மோளே."

கைப்பிடி இப்போது விடாமல் ஆடியது. அழித்த வரிகளை மீட்டு ஓடவிட்டாள். பூட்டு விடுபட்டது. கதவு அகலத் திறந்தது. உள்ளே இருட்டு.

காத்திருந்தாள்.

யாரும் உள்ளே போகவில்லை.

கார்ப்பெட்டில் காலடி. மெதுவாக. முதல் வரிசை மேஜைகளைத் தாண்டி. அடுத்த வரிசை. அவள் வரிசை.

"போயாச்சோ?" என்றான் பிரதீஷ்.



பக்கத்து நாற்காலி அவளை நோக்கித் திரும்பியது. புஸ்ஸென்று காற்று கசிய, அதன் மெத்தை கீழே அமுங்கியது. அமுங்கியபடியே இருந்தது.