சீறாத பூனைகள்

பூனைக்குட்டியைக் கொண்டுவந்து விட்டபோது கிழவன் சீறவில்லை. தையல்காரிக்கு முதலில் உறுத்தியது அதுதான். தெருவில் போகிற நாயின் வாடைக்கே வீட்டை ரெண்டாக்குகிற கடுவன் பூனை அது. அதன் கூட்டாளி சீமாட்டியோ, வேற்றுப் பூனையின் நிழல் ஜன்னலில் விழுந்தாலே திரைச்சீலையைக் கிழித்துவிடும். அப்படிப்பட்ட இரண்டும் இப்போது தையல் அறையின் மூடிய கதவுக்கு முன்னால் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்தன. குட்டியின் வாசனை வருகிற அடி இடுக்கை அவை பார்க்கவில்லை. அண்ணாந்து, ஓர் ஆள் நின்றால் முகம் வரும் உயரத்தில் கதவையே வெறித்துக்கொண்டிருந்தன.

"பழகிடும் அண்ணி," என்றாள் நாத்தனார். பூட்டிக் கிடந்த கீழ்வீட்டின் தண்ணீர்த் தொட்டிக்குள் கத்திக்கொண்டிருந்த குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தவள் அவள்தான். அண்ணன் இறந்த பிறகும் இந்த வீட்டுப் படியேறி வருகிற ஒரே ஆளும் அவள்தான். "கொஞ்ச நாள் தனியா வைங்க. இது படுத்த துணிய அதுங்க மோந்து பாக்கட்டும். அப்புறம் மூஞ்சிய மூஞ்சி பாத்துக்கட்டும்."

"ரெண்டும் சண்டைக்கே போகலையேம்மா?"

"வயசாயிடுச்சுல்ல. உங்கள மாதிரிதான், கோவப்படக்கூடத் தெம்பில்ல."

சிரித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் குட்டி படுத்திருந்த துண்டை எடுத்துவந்து தையல்காரி கூடத்தில் விரித்தாள். துண்டில் பாசி பிடித்த தண்ணீரின் வாடை அடித்தது. அதற்கும் அடியில் வேறொன்று, ரொம்ப காலம் திறக்காத பெட்டியைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதுகிற காற்றைப்போல, மெதுவாக எழுந்து கூடம் முழுக்கப் பரவியது. கிழவன் முகர்ந்து பார்த்தது. நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. பிறகு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி, தலையைத் தொங்கப்போட்டபடி நடந்துபோய்க் கதவடியில் படுத்துக்கொண்டது.

விடிந்தபோது கிழவனைக் காணோம். ஜன்னல் கொக்கிகள் போட்டபடி இருந்தன. தையல் அறையின் வெளித்தாழ்ப்பாளும் போட்டபடியே இருந்தது. கட்டிலடி, அலமாரி மேல், அழுக்குத்துணிக் கூடை என்று தேடி ஓய்ந்து நின்றபோது, அறைக்குள்ளிருந்து கிழவன் கத்தியது. பல் போன வாயின் கரகரப்பு, பசித்தால் கடைசியில் வருகிற அந்த விக்கல், அதே குரல். அவளுக்குப் போன உயிர் வந்தது. தாழ்ப்பாளை இழுத்தாள்.

குட்டி மட்டும் இருந்தது. மெஷின் மேல் உட்கார்ந்திருந்தது.

வாயைத் திறந்தது. கிழவன் கத்தியது.

கதவை அறைந்து சாத்திவிட்டு நாத்தனாருக்குப் போன் செய்தாள். "இத எடுத்துட்டுப் போயிடும்மா. இப்பவே வா."

"என்ன அண்ணி, குரலே நடுங்குது? இருங்க, வரேன்."

மூடி போட்ட கூடையோடு வந்தாள். தையல்காரி சீமாட்டியை இறுக அணைத்தபடி வழியில் நின்றாள். என்னவென்று சொல்வது? ஒரு கைப்பிடிக் குட்டியின் வாயில் கிழப்பூனையின் குரல் வருகிறதென்றா? சொன்னால், தனியாக இருந்து புத்தி பேதலித்துவிட்டது என்று இவளும் வருவதை நிறுத்திவிடுவாள்.

"நீ உள்ள போகாத," என்றாள், அவ்வளவுதான் வாயில் வந்தது.

"உள்ள போகாம எப்படி எடுக்கறதாம்? நகருங்க அண்ணி."

போனாள். அவளுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கூடையின் மூடி திறக்கிற சத்தம். "வாடா செல்லம்" என்ற கொஞ்சல். நாற்காலி இழுபடுகிற சத்தம். அப்புறம் ஈரத்துணியைப் பிழிவது போல ஏதோ, நிதானமாக, அவசரமே இல்லாமல்.

அப்புறம் ஒன்றுமில்லை.

"என்னம்மா ஆச்சு?"

கதவைத் தள்ளினாள். உள்ளே யாரோ சாய்ந்து நிற்பதுபோல் கனத்தது. பிறகு விட்டுக்கொடுத்தது.

கூடை கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் நாத்தனாரின் மூக்குக்கண்ணாடி. ஜன்னல் கொக்கி போட்டபடி. தரையில் குட்டி. துளியும் வளரவில்லை. தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

சீமாட்டி சீறவில்லை. கையிலிருந்து குதித்தது. தலை குனிந்தபடி போய்க் குட்டியின் முன்னால் படுத்தது.

குட்டி நிமிர்ந்து பார்த்தது. வாயைத் திறந்தது.

"அண்ணி, கதவ சாத்திட்டு வாங்க."

சாத்தக்கூடாது என்று நினைத்தாள்.

கை சாத்தியது.