அம்மா போட்ட பிளஸ் குறி

அம்மா இறந்த பிறகுதான் அந்தப் பெட்டி வந்தது.

அப்பா அதை வாங்கி மேசைமேல் வைத்தார். திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அம்மா கடைசியாகக் கணினியில் வரைந்து, செய்து அனுப்பச் சொல்லியிருந்த சர்க்யூட் போர்டுகள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஒரு ஓரத்தில் பேட்டரி, நடுவில் ஒரு பொத்தான், மறு ஓரத்தில் குட்டி விளக்கின் கால்களைச் செருக இரண்டு துளைகள். மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கலாம்.

அம்மா தன் படங்களை ஒளித்து வைக்க மாட்டார். எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிடுவார். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம், மாற்றவும் செய்யலாம். "பிள்ளைங்க விளையாடற சாமானுக்கு எதுக்குப் பூட்டு?" என்பார்.

வழக்கமாக முதலில் ஒரே ஒரு போர்டை வரவழைத்து, என் கையில் கொடுத்துச் சோதிப்பார். இந்தப் போர்டைப் படுக்கையில் சாய்ந்தபடியே வரைந்தார். சோதிக்க நேரம் கிடைக்கவில்லை.

அறிவியல் டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்ட பிறகு, அப்பா பெட்டியைக் கொடுத்தனுப்பினார்.

வகுப்பில் ஆளுக்கு ஒரு போர்டு கிடைத்தது. "விளக்குக்கு ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. நீளமான காலை, பிளஸ் குறி போட்டிருக்கிற துளையில விடுங்க" என்றார் டீச்சர்.

என் பக்கத்தில் பொடிசு உட்கார்ந்திருந்தாள். வகுப்பிலேயே குள்ளம் அவள்தான். குரல் மட்டும் வாசல்வரை கேட்கும். எல்லாருக்கும் முன்னால் செருகிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை.

"என்னடி பண்ணித் தொலைச்சே?" என்றாள் பின் வரிசைக்காரி.

"நான் ஒண்ணும் பண்ணலை."

"நீ தொட்டா ஓடற கடிகாரமே நின்னுடும்."

எல்லாரும் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் பொடிசு ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்று அவள் என் காதருகே வந்து, "உங்கம்மா செஞ்சதை நான் கெடுத்துட்டேன், இல்ல?" என்றாள்.

நான் என் விளக்கைச் செருகினேன். அதுவும் எரியவில்லை. கால்களை மாற்றிச் செருகினேன். எரிந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. பிளஸ் குறி தவறான துளைக்குப் பக்கத்தில் இருந்தது. பொடிசின் விளக்கையும் சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம். மற்றவர்களும் தாங்களே தப்பாகச் செருகியதாக நினைத்து மாற்றிக்கொள்வார்கள்; அம்மா தப்பு செய்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால், பழி பொடிசின் தலையில் அப்படியே நிற்கும்.

எழுந்து நின்றேன். "டீச்சர், போர்டுலதான் தப்பு. பிளஸ் குறி மாறியிருக்கு. எங்கம்மா..." மறுபடி ஆரம்பித்தேன். "எங்கம்மா மாத்திப் போட்டுட்டாங்க."

டீச்சர் என் போர்டை வாங்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்போ எல்லாரும் காலைத் திருப்பிப் போடலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

"போடலாம் டீச்சர்."

ஒவ்வொரு மேசையாக விளக்குகள் எரிந்தன. பொடிசு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதானே. நான் தொட்டு எரியாம போயிடுமா?" என்றாள்.

அன்று மாலை அப்பா பஸ் ஓட்டி முடித்து, சீருடையோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். "படத்தைத் திருத்தணும்ப்பா" என்றேன்.

"வேண்டாம்மா."

"வேற ஸ்கூல்லயும் இதைப் பார்த்துத்தான் செய்வாங்க."

"அது அவ கடைசியா போட்டது. தப்போ சரியோ, அப்படியே இருக்கட்டும்."

அப்பா கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவர் கெஞ்சுவதுபோலச் சொன்னார்.

"வேற எங்கேயாவது ஒரு பொடிசு அழுவாப்பா" என்றேன். "திருத்தினா பழசு அழியாதுப்பா. அம்மா போட்டது இணையத்துல அங்கேயேதான் இருக்கும். புதுசு அதுக்குப் பக்கத்துல வரும்."

"நிஜமாவா?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை கேட்பதுபோல இருந்தது.

அம்மாவின் கணினியை அவரே துடைத்தார். நான் பிளஸ் குறியைப் பிடித்து நகர்த்தினேன். ஒரு எறும்பு நகரும் தூரம்தான். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"தப்பைக் கண்டுபிடிச்சவங்க பேரை அம்மா போர்டுக்குப் பின்னால போடுவாங்க" என்றேன்.

"அப்போ உன் பேரைப் போடு."

"முதல்ல அழுத்திப் பார்த்தது பொடிசுதாம்ப்பா."

அம்மாவின் பெயருக்குக் கீழே 'பொடிசு' என்று போட்டேன். அப்பா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

திருத்திய படத்தை இணையத்தில் போட்டுச் சில வாரங்கள் கழித்து, எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் அம்மாவின் பெயருக்கு எழுதியிருந்தார். 'வணக்கம் அம்மா. உங்கள் புதுப் போர்டு நன்றாக இருக்கிறது. பொத்தான்தான் எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் சிறியது. பெரிதாக மாற்றிக்கொள்ளலாமா?'

'வணக்கம் அம்மா' என்ற இடத்திலேயே அப்பா நின்றுவிட்டார்.

"நான் எழுதட்டுமாப்பா?"

"இல்லம்மா. நானே எழுதறேன்."

ஒற்றை விரலால் தட்டினார். 'அவர் இப்போது இல்லை. நான் அவருடைய கணவர்.' அதை எழுதத்தான் அவருக்கு வெகுநேரம் ஆனது. பிறகு விரல் வேகமாக ஓடியது.

'தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியதும் எங்கள் வீட்டுக்கும் ஒன்று அனுப்புங்கள்.'