ஆறாவது துளை

அன்று மதியம் வழக்கம்போல் தூக்குவாளியில் சோறும் மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு கல்குவாரிக்குப் போனேன். விழிஞ்ஞத்திலிருந்து முக்கால் மணி நேர பஸ். என் கணவர் ராஜமணிக்கு அங்கே பம்ப் வேலை. குழியில் ஊறும் நீரை இறைப்பதோடு, பாறைச் சுவரில் போட்ட ஆறு வடிகால் துளைகளும் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னால் சேரும் நீர் வடியாவிட்டால் சுவரையே தள்ளிவிடும்.

அந்த மாதம் துளைகளில் வந்த நீர் கை வைக்க முடியாதபடி சுட்டது. பூமிக்கடியில் உள்ள வெப்பம் என்று என்ஜினீயர் சொல்லியிருந்தார்.

குழிக்குள் ஆவியும் அழுகிய முட்டை வாடையும் மிதந்தன. ஐந்து துளைகளில் நீர் வந்தது. ஆறாவதில் சாக்கும் சிமெண்டும்.

"இதை எதுக்கு அடச்சீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நேற்று அதுக்குள்ள இருந்து சுதீஷ் விளிச்சான், எலிசா. பயந்து அடச்சிட்டேன்."

சுதீஷ் அவரோடு பம்ப் பார்த்தவன்; அவரை அண்ணனாக நினைத்து 'சேட்டா' என்றுதான் கூப்பிடுவான். அதற்கு முந்தைய ஓணத்துக்கு முன்னால் குழி நீரில் விழுந்தான். மூன்று நாள் முழுக்க இறைத்து, தரை தெரிந்த பிறகும் உடல் இல்லை.

"செத்தவன் விளிச்சா கேக்குது. நான் போன் பண்ணினா மட்டும் கேக்காது."

அவர் சிரிக்கவில்லை. என் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்தார்.

ஐந்து துளைகளிலும் நீர் ஒன்றாக நின்றுபோயிருந்தது.

"மேலே ஓடு."

"நீங்களும் வாங்க."

"இப்ப இதைத் திறந்துட்டா சுவர் நிக்கும். நீ போ பிள்ளே."

லாரி ஏறும் சரிவில் பாதிவரை ஓடித் திரும்பினேன். கடப்பாரையால் சிமெண்டைக் குத்திக்கொண்டிருந்தார். சாக்கு பிய்ந்தது. நீர் வரவில்லை.

உள்ளிருந்து மூச்சு வந்தது.

"சேட்டா."

நானும் கேட்டேன்.

அவர் கடப்பாரையைக் கீழே வைத்தார். குழந்தை பேசுவதைக் கேட்பவர்போலக் குனிந்து, துளையில் காதை வைத்தார். கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சுவர் முன்னால் சாய்ந்தது.

பாறைகளை அள்ளிப் பார்த்தார்கள். அவரும் இல்லை. குவாரியை மூடினார்கள், பம்பை நிறுத்தினார்கள். இரண்டு மழைக்காலத்தில் குழி நிரம்பிவிட்டது. பனிபோல் குளிர்ந்த நீர்.

இன்று கரையில் உட்கார்ந்து நீரில் கையை விட்டேன். விரல் விறைத்தது. பிறகு ஓரிடம் மட்டும் மெல்லச் சூடேறியது.

என் விரல்களுக்கிடையே விரல்கள் கோத்துக்கொண்டன.

கையை இழுக்க மனம் வரவில்லை. இழுத்தபோது வரவும் இல்லை.