மூடியைப் போட்ட பிறகும்

மூடியைப் போட்ட பிறகும் அந்தப் புள்ளி போகவில்லை.

அருள்குமார் எழுந்து போய்த் தொலைநோக்கியின் வாயைத் தடவிப் பார்த்தான். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. போதாததற்கு அதன்மேல் கறுப்புத் துணியையும் சுற்றிவிட்டு வந்து இன்னொரு படம் எடுத்தான். லேப்டாப் திரை முழுக்கக் கறுப்பு. இடது மூலையில் மட்டும், மாவு ஒட்டிய விரலால் தடவியதுபோல, அந்த மங்கலான வெள்ளை. சற்று முன் மேற்கு வானத்தை எடுத்த படத்தில் இருந்த அதே இடம்.

மூடி போட்டு ஒரு படம் எடுப்பது வழக்கம்தான். கேமராவின் சொந்தக் கோளாறுகளை இருட்டில் பிடித்து, வானத்தின் படத்திலிருந்து கழித்துவிட வேண்டும். மிச்சம் இருப்பதுதான் நிஜம். தான் தேடும் வால்நட்சத்திரம் மலைக்குப் பின்னால் இறங்கிவிடுமே என்ற அவசரத்தில், இந்த வாரம் முழுக்க அவன் பழைய இருட்டுப் படத்தையே கழித்துக்கொண்டிருந்தான். இன்றுதான் புதிதாக எடுத்தான். ஆக, இத்தனை நாள் துரத்தியது கேமராவின் பழுதை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பகலெல்லாம் பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் கிணத்துக்கடவுத் தோட்டத்து வீட்டுக்கு ஓடிவந்து மொட்டைமாடி ஏறுகிறவன் அவன். சிலி நாட்டு மலையில் புதிதாக வந்திருக்கும் ராட்சதத் தொலைநோக்கி வானத்தில் அசைகிற எதையும் விட்டுவைக்காமல் வாரிக்கொண்டிருந்தது. வேறொரு சூரியனிடமிருந்து வழிதவறி வருகிற வால்நட்சத்திரத்தைக்கூட இப்போதெல்லாம் எந்திரங்கள்தான் முதலில் பார்க்கின்றன. தனி ஆளுக்கு அவை மிச்சம் வைத்தது, சூரியன் விழுந்த இடத்தில் கொஞ்சம் மங்கிய வெளிச்சம். அங்கேயாவது ஒன்று சிக்கினால் அதற்கு அவன் பேர் வைப்பார்கள். அவன் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

அதற்கும் வேறிடத்திலிருந்து இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கோட்டைமேட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நண்பன் ரிஃபத், தினமும் தன் மாடியிலிருந்து தேடிவிட்டு, "ஒண்ணுமே இல்லீங்ணா" என்பான். மனைவி நித்யஸ்ரீயைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தால், "எனக்குத் தெரியலீங்க, அடுப்புல பால் இருக்குது" என்று எழுந்துவிடுவாள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா மகன் ஈஸ்வரமூர்த்தியோ, தேங்காய் நார் காயப்போடும் களத்தில் ஃபோக்கஸ் லைட்டைப் போட்டு வானத்தையே வெளுக்க வைத்திருந்தார். "கொஞ்ச நேரம் அணைச்சு வையுங்கண்ணா" என்று எத்தனையோ முறை கெஞ்சியாயிற்று. காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில், எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏந் தம்பி, உம்பட நட்சத்திரத்துக்கு வால் மொளைச்சுதா இல்லியா?"

சுருக்கென்றது அருளுக்கு. அந்தக் கோபத்தில்தான், சரிபார்க்காத படத்தில் வெள்ளையைச் சுற்றி வட்டம் போட்டு அப்படியே குரூப்பில் ஏற்றினான். 'நல்லா உத்துப் பாருங்க, தெரியும்' என்று ஒரு வரி வேறு. ரிஃபத்துக்கும் அதையே அனுப்பினான். அதற்குப் பிறகுதான் மூடியைப் போட்டான்.

இனி நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது? எரிச்சலில் கேமராவின் வயரைப் பிடுங்கினான். திரையில் வெள்ளை அப்படியே இருந்தது. லேப்டாப்பை அணைத்தான். அணைந்த திரையின் கறுப்பிலும் இருந்தது. படாரென்று மடித்து மூடிவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊறிய தேங்காய் மட்டையின் புளித்த வாடையைக் கொண்டுவந்தது, கீழே எங்கோ மோட்டார் ஒரே சுதியில் ஓடிக்கொண்டிருந்தது, தென்னை ஓலையொன்று சுவரை மெதுவாகச் சுரண்டியது. கண் எரிந்தது. மூடிக்கொண்டான்.

இமைக்குள்ளே இருந்தது.

இடது மூலையில். அதே இடத்தில்.

திரையை உற்றுப் பார்த்த கண்ணின் அசதி என்று சொல்லிக்கொண்டான். திறந்து, தென்னைகளைப் பார்த்து, மறுபடி மூடினான். முன்னைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு வாரமாக அது இடம் மாறாமலே இருந்தது நினைவுக்கு வந்தது. குறுக்கே போகிற பொருள்தான் இடம் மாறும். நேராக நம்மைப் பார்த்து வருவது மாறாது. பெரிதாக மட்டும் ஆகும்.

போன் அடித்தது. ரிஃபத்.

"தெரியுதுங்ணா." அவன் குரலில் மகிழ்ச்சியே இல்லை.

"எந்தப் பக்கம்? உன் தொலைநோக்கியிலயா?"

"நான் இன்னும் மாடிக்கே போகலீங்ணா. கடையிலதான் உக்காந்திருக்கேன். கண்ண மூடிட்டு."

"ரிஃபத், அந்தப் படத்த யாருக்கும்..."

"ஊட்டுல எல்லாத்துக்கும் அனுப்பிட்டேங்ணா." இணைப்பு அறுந்தது.

குரூப்பைத் திறந்தான். படத்தை அழிக்க வேண்டும். எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஈரோட்டுக்காரர்கள், பொள்ளாச்சிக்காரர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். பதிலுக்கு ஈஸ்வரமூர்த்தியின் குரல் பதிவு மட்டும் கிடந்தது. அழுத்தினான்.

"தம்பி." கேலி இல்லை. அவ்வளவு சாந்தமாக அவர் பேசி அருள் கேட்டதே கிடையாது. "நீ அப்பவே சொன்னே. நாந்தான் கேக்கல. லைட்ட அணைச்சா இன்னும் நல்லாத் தெரியுது, கண்ணு."

ஃபோக்கஸ் லைட் அணைந்தது.

பிறகு அவர் வீட்டு விளக்கு. அதற்கடுத்த தோட்டம். பொள்ளாச்சி ரோட்டோரம் ஒவ்வொன்றாக. மோட்டார் நின்றது. எத்தனையோ நாள் கெஞ்சிக் கேட்ட இருட்டு, கேட்டதைவிடத் தாராளமாக வந்து இறங்கியது. நிமிர்ந்து பார்த்தான். வானம் நிறைய நட்சத்திரங்கள். மேற்கே ஒன்றுமே இல்லை.

கீழே களத்தில் ஆட்கள். அசையாமல். எல்லோர் முகமும் கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

இமைக்கக் கூடாது. கண்ணில் நீர் கொட்டியது. இமைத்தான். வெள்ளை நெற்றிவரை வந்திருந்தது.

மாடிப்படியில் காலடி. டார்ச் இல்லை. தடுமாற்றமும் இல்லை.

"நித்யா?"

"ஏனுங்க." பக்கத்தில் வந்து நின்றாள். நட்சத்திர வெளிச்சத்தில் அவள் மூடிய இமைகள் தெரிந்தன. "இத்தன நாளு தெரியலீன்னு சொல்லிப்போட்டேன். கோவிச்சுக்காதீங்க. இப்பத் தெரியுதுங்க."

"கண்ணத் தொற நித்யா. என்னயப் பாரு."

"நீங்கதானுங்க அதுக்குப் பேரு வைக்கோணும்னு ஆசப்பட்டீங்க. அது உங்களத்தான் கேக்குது."

பால் வாடை அடிக்கும் கை அவன் முகத்துக்கு வந்தது. இறந்தவர்களுக்குச் செய்வதுபோல, மெதுவாக, இரண்டு விரலால் அவன் இமைகளை இறக்கிவிட்டாள்.

உள்ளே இருட்டு துளியும் மிச்சமில்லை.