முந்திக்கொண்ட திரை

பாபநாசம் பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில், ஆளுக்கொரு மேசையும் பொது மானிட்டரும் தரும் அந்தப் பணியிடத்தில், பூர்ணிமா தன் லேப்டாப்பில் மவுஸைத் தொடுவதற்குள், அதோடு இணைத்திருந்த மானிட்டரில் அம்புக்குறி நகர்ந்துவிட்டது. இரண்டிலும் ஒரே காட்சிதான் தெரிய வேண்டும். மானிட்டர் பின்தங்கினால் வயர் பழசு என்று விட்டுவிடலாம். முந்துவதை என்னவென்று சொல்ல?

"வேற வயர் மாத்திப் பாருங்கக்கா," என்றான் பொறுப்பாளர் ஜாஃபர் சாதிக்.

மாற்றினாள். மின்விசிறி கிறீச்சிட, கீழே டீக்கடையில் பொங்கி வழிந்த பாலின் தீய்ந்த வாடை படியேறி வர, அவள் இன்னும் தட்டாத வரிகள் மானிட்டரில் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அதே வரிகளைத்தான் பிறகு அவள் விரல்கள் தட்டின.

நாலு மணிக்கு வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு. ஏழு வயது மகள் பூவிழி போனைக் கரையில் சாத்தி வைத்துவிட்டு, கொல்லைப்புறத்துக் காய்ந்த வாய்க்காலின் மணலில் உட்கார்ந்திருந்தாள். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்கள். தங்கள் முறை நாளைக்குத்தான், இன்று விளையாடலாம் என்று காலையில் சொன்னவளே பூர்ணிமாதான்.

"அப்பா எங்கடி?"

"தூங்குறாங்கம்மா. நான் வீடு கட்டியிருக்கேன், பாரு."

லேப்டாப்பில் மணல் வீடு அழகாகத்தான் இருந்தது. நிமிர்ந்து மானிட்டரைப் பார்த்தாள். அதன் மூலையில், சின்னக் கட்டத்துக்குள், அவளுடைய முகம். வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டிருந்தது.

இங்கே அவள் வாய் மூடியிருந்தது.

எதற்காகக் கத்துகிறேன்?

மானிட்டரில் மகள் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். மணல் இல்லை. வீடு இல்லை. கரை முட்டக் கலங்கல் தண்ணீர். நுரை. சுழன்று போகும் மஞ்சள் ரிப்பன்.

லேப்டாப்பில் அந்த ரிப்பன் இன்னும் பூவிழியின் சடையில் இருந்தது.

"பாப்பா, மேல ஏறு! ஏறிடு!"

"நீ பேசுறது கேக்கலம்மா. இங்க சலசலன்னு ஒரே சத்தம்." பூவிழி சிரித்தபடி, தண்ணீர் வரும் மேற்குப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பூர்ணிமா கத்தினாள். ஜாஃபர் ஓடி வந்தான். தொண்டை கிழியக் கத்தினாள்.

மானிட்டரில் இருந்த பூர்ணிமா கத்துவதை நிறுத்திவிட்டிருந்தாள்.