வேர்க்குழி

மைசூரில் மூன்று வாரமாக மழை இல்லை. ஆனாலும் ஜன்னலெல்லாம் சாத்திக் கிடந்த அந்த வீட்டுக்குள், பட்டப்பகலில், நனைந்த மண்ணின் வாடை வந்தது. அடுப்பில் தாளிக்கிற வாசனையையும் மீறி, பச்சை வேரின் துவர்ப்போடு, படுக்கையறைப் பக்கமிருந்து வந்தது.

“ஏனுங்க, பைப்பு ஏதாச்சும் கசியுதா பாருங்க,” என்றாள் அடுப்படியிலிருந்து அவன் மனைவி வைஷாலி.

உதயகுமார் எழவில்லை. எழவே பயமாக இருந்தது.

ஹனூருக்கு மேலே மலைக்காட்டில், விழுந்த மரங்களை அறுத்து இறக்கும் வேலைக்கு அவன் மேஸ்திரி. போன கோடையில் தீ வேர்களைச் சுட்டது. பிறகு விடாத மழை மண்ணை இளக்கியது. கடைசியில் ஒரே காற்று, சரிவு முழுக்க மரங்கள் வேரோடு சாய்ந்துவிட்டன.

அப்படி விழுந்த மரத்தின் வேரும் மண்ணும் சுவராக எழுந்து நிற்கும். அதன் பின்னால் குழி. அடிமரத்தை அறுத்துப் பாரம் போனதும் அந்தச் சுவர் சட்டென்று திரும்பக் குழியில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் கோடாலியின் பின்புறத்தால் மூன்று தட்டு தட்டி, குழியை எட்டிப் பார்த்த பிறகுதான் ரம்பம் வைப்பார்கள். அந்தத் தட்டு சாமிக்கும் ஒரு சொல், குழியில் இருக்கிற ஆளுக்கும் ஒரு சொல். நேற்று மாலை, லாரி கிளம்புகிற அவசரத்தில், தட்டாமல், எட்டிப் பார்க்காமல், “அறுங்கடா” என்றுவிட்டான் உதயகுமார்.

மலையில் பெய்த மழைக்கு ஒதுங்கிய கூலியாள் பசவராஜ் அந்தக் குழிக்குள் இருந்தான். சுவர் அவன்மேல் உட்கார்ந்துவிட்டது. மற்றவர்கள் லாரிக்குப் போனபின், மண்ணுக்கடியில் தட்டும் சத்தம் உதயகுமாருக்கு மட்டும் கேட்டது. சொன்னால் ஜெயில். அவனும் லாரிக்கு நடந்துவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள்தான். ஆறடி ஆளை எந்தச் சோற்றில் மறைப்பது?

போன் அடித்தது. பசவராஜின் மனைவி தேவம்மா.

“அண்ணா, அவரு ராத்திரி ஊட்டுக்கு வரலீங்க. எங்கீங்க உட்டுட்டு வந்தீங்க?”

இப்போது தோண்டினாலும் உயிர் இருக்கலாம். அது அவனுக்குத் தெரியும்.

“வர்ற வழியில கொள்ளேகால்லயே எறங்கிட்டானேம்மா.”

படுக்கையறையில் தரை விரிசல் விட்டது. நீளமாக. நிதானமாக.

“வைஷாலி?”

அடுப்படியை எட்டிப் பார்த்தான். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் அங்கே இல்லை.

போனைக் காதில் வைத்தபடியே போனான். கதவைத் தள்ளினான்.

தரை எழுந்து சுவராக நின்றது. அடியில் வேர்கள். ஈரம் சொட்டியது. பின்னால் குழி. குழிக்குள் வைஷாலி, முழங்காலைக் கட்டிக்கொண்டு.

“மழ நிக்கட்டுமுங்க,” என்றாள். “வந்தர்றேன்.”

“அண்ணா,” என்றது போன். “நெசமாத்தான் சொல்றீங்களா?”

இல்லை என்று கத்தத்தான் வாயைத் திறந்தான்.

“ஆமாம்மா,” என்றது நாக்கு.

சுவர் மெல்லச் சாயத் தொடங்கியது.