பூட்டிய பெட்டியில் பன்னிரண்டு தொப்பிகள்

அப்பாவின் சலூனில் நான்கு நாளாக நாற்காலி காலி. ஞாயிற்றுக்கிழமைகூட அப்பா ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் பள்ளி பேண்டு குழுவில் ஏழு பேருக்குப் படர்தாமரை வந்திருந்தது. நெற்றியில் வட்டம் வட்டமாகச் சிவப்பு, தாங்க முடியாத அரிப்பு. சலூன் சீப்பிலிருந்துதான் ஒட்டியிருக்கும் என்று யாரோ சொல்ல, அந்தப் பேச்சு படர்தாமரையைவிட வேகமாகப் பரவிவிட்டது.

அப்பாவோ ஒவ்வொரு தலைக்கும் பிறகு சீப்பை மருந்துத் தண்ணீரில் ஊறவைப்பவர். அதைக் கேட்கக்கூட ஒருவரும் உள்ளே வரவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. பள்ளியில் என் பட்டப்பெயரே 'சீப்பு'தான். இப்போது இரண்டடி தள்ளி நின்று அப்படிக் கூப்பிட்டார்கள்.

அந்த ஏழு பேரின் நெற்றியையும் உற்றுப் பார்த்தேன். அவர்களில் நான்கு பேர் இடுப்புவரை பின்னல் போட்ட பெண்கள். எங்கள் கடை வாசலையே மிதிக்காதவர்கள். எல்லோருக்கும் வட்டம் ஒரே இடத்தில், பேண்டு தொப்பியின் விளிம்பு அழுத்தும் கோட்டில் இருந்தது.

மொத்தம் பன்னிரண்டு தொப்பிகள். கைக்கு வந்ததை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். ஆனால் எப்போதும் வேர்வையில் நனைந்தபடி பெரிய மேளம் அடிக்கும் குண்டு அண்ணனுக்கு ஏன் வரவில்லை? அவனிடமே கேட்டேன்.

"எனக்கு ரொம்ப வேர்க்கும். கைக்குட்டையைக் கட்டிக்கிட்டுதான் தொப்பி போடுவேன்" என்றான்.

பேண்டு மாஸ்டரிடம் போய், தொப்பியிலிருந்துதான் ஒட்டுகிறது என்றேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார். "போன வருஷமும் இதே தொப்பிதாம்மா. அப்போ யாருக்கும் ஒண்ணும் வரலையே."

எனக்கும் அதுதான் புரியவில்லை. "அப்போ எங்க சார் வெச்சிருந்தீங்க?"

"வராந்தாவுல, ஆணியில மாட்டியிருந்தோம். எலி கடிக்குதுன்னு இந்த வருஷம் இரும்புப் பெட்டி வாங்கினேன். பயிற்சி முடிஞ்ச கையோட பூட்டிடுவேன்" என்று பெருமையாகச் சொன்னார்.

பெட்டியைத் திறந்தோம். நாற்றம் முகத்தில் அறைந்தது. நேற்றைய வேர்வை இன்னும் காயவில்லை. மாஸ்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, எலியே பரவாயில்லை என்றார்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் மருத்துவர் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "யாரோ ஒருத்தர்கிட்டேருந்து பூஞ்சை வந்திருக்கும். அது மட்டும் தனியா என்ன செய்யும், சொல்லு?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். "ஈரப் பெட்டி அதை வளர்த்துச்சு. வேர்த்த நெத்தி அதுக்கு இடம் கொடுத்துச்சு. மூணும் கூட்டு சேர்ந்துடுச்சு."

மருத்துவர் சிரித்துக்கொண்டே ஏழு பேருக்கும் களிம்பு எழுதிக் கொடுத்தார். தொப்பிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட்டோம். ஆளுக்கொரு தொப்பி, ஆளுக்கொரு கைக்குட்டை, நன்றாகக் காய்ந்த பிறகே பெட்டி என்று முடிவானது. மூன்று வாரத்தில் வட்டங்கள் மங்கின. எட்டாவது ஆளுக்கு வரவே இல்லை.

ஆனாலும் எங்கள் கடை நாற்காலி காலியாகவே இருந்தது.

சனிக்கிழமை மாலை, தெருவில் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், மாஸ்டர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் தலையோ பளபளக்கும் வழுக்கை.

"எதை வெட்ட, சார்?" என்று அப்பா தயங்கினார்.

"அந்தச் சீப்புக் கதையை முதல்ல சொன்னதே நான்தான்" என்றார் மாஸ்டர், தலையைக் குனிந்தபடி. "இருக்கிறதை வெட்டுங்க. மெதுவா வெட்டுங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

காதோரம் இருந்த பத்துப் பதினைந்து முடியை, கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு, அப்பா அரை மணி நேரம் வெட்டினார். அவர் முடிப்பதற்குள் வாசலில் மூன்று பேர் காத்திருந்தார்கள்.